குளிர் காலையில் பிக்கப் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதலில் காதைத் தீட்டுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: ஒன்பது வருஷத்து டீசல் பிக்கப், காமன் ரெயில் எஞ்சின் (டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை). பகலில் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிறது. இரவு முழுக்க வெளியில் நின்று, காலையில் மைனஸ் 14 டிகிரி இருந்தால் செல்ஃப் முக்கி முக்கிச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. பேட்டரி போன வருஷம்தான் மாற்றியது. ஒருவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் காற்றுக் குழாயில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார், மூன்றாமவர் டேங்கில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?

இப்போதைக்கு மூன்று பேரையும் கேட்காதீர்கள். செல்ஃப் மோட்டார் கெட்டிருக்கலாம், ஆனால் அதைக் கழற்றுவது கடைசி வேலை. ஸ்ப்ரே எஞ்சினையே உடைக்கக்கூடியது, ஏன் என்று கீழே சொல்கிறேன். மண்ணெண்ணெய் பழைய வண்டிகளின் வைத்தியம், உங்களுடையதற்கு ஒத்துவராது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி தானாகப் பிடிபடும். "மெதுவாகச் சுற்றுகிறது", "பிடிக்கவில்லை" என்று இரண்டு குறையாக எழுதியிருக்கிறீர்கள். டீசலில் அது பெரும்பாலும் ஒரே குறைதான். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது, காற்றை 16 மடங்கு, 18 மடங்கு என்று நசுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசலைப் பற்ற வைக்கிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது வேகமாக அடித்தால் பம்பின் அடிப்பக்கம் சுடும், நிதானமாக அழுத்தினால் சுடாது இல்லையா, அதே சங்கதிதான் இங்கேயும். பிஸ்டன் மெதுவாக ஏறினால் நசுங்கிய காற்றின் சூடு ஜில்லென்றிருக்கும் சிலிண்டர் சுவருக்குள் போய்விடும், கொஞ்சம் காற்று ரிங்குகளின் வழியாகக் கசிந்தும் போகும். டீசல் பற்றிக்கொள்ள 210 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அது கிடைக்காது. அதாவது செல்ஃப் மெதுவாகச் சுற்றுவதே பிடிக்காமல் போவதற்குக் காரணமாக இருக்கலாம், டீசல் பக்கம் ஒரு குறையும் இல்லாமலே.

குளிர் புதிதாக எதையும் கெடுப்பதில்லை, பல நாளாகத் தேய்ந்துகொண்டிருந்ததை எல்லாம் ஒரே காலையில் ஒன்றாக நிறுத்திக் கேள்வி கேட்கிறது. மைனஸ் 18 டிகிரி வாக்கில் முழுசாகச் சார்ஜ் ஆன நல்ல பேட்டரியே தன் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் கொடுக்கும். அதே குளிரில் எஞ்சின் ஆயில் இறுகி, எஞ்சினைச் சுற்ற இரண்டு மடங்கு பலம் கேட்கும். கொடுப்பவன் பாதியாகிவிட்டான், கேட்பவன் இரண்டு பங்கு கேட்கிறான். இந்த இடைவெளியில்தான் ஒரு துருப்பிடித்த டெர்மினலோ செத்துப்போன ஹீட்டர் பிளக்கோ (குளிரில் சிலிண்டருக்குள் சூடேற்றும் மின் குச்சி) வெளியே தெரிய வருகிறது, பகலில் அதே பிளக் செத்துத்தான் இருக்கும், எஞ்சினுக்கு அது தேவைப்படாததால் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

சரி, சத்தத்துக்கு வருவோம். சாவியைத் திருப்பும்போது பக்கத்தில் ஒருவரை போனட்டைத் திறந்து நிற்கச் சொல்லுங்கள், ரேடியோ, ஹீட்டர் ஃபேன், லைட் எல்லாம் ஆஃப். சத்தமே இல்லை, டேஷ்போர்டு விளக்குகள் மங்கவும் இல்லை என்றால் செல்ஃபுக்குக் கரண்டே போகவில்லை. கிளட்ச் சுவிட்ச், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரல் சுவிட்ச், ஸ்டார்ட்டர் ரிலே, ஃபியூஸ், இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) விளக்கு மின்னுகிறதா, இந்த வரிசையில் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியரை நியூட்ரலில் போட்டு ஒரு தரம் திருப்பிப் பார்ப்பது செலவில்லாத சோதனை. "டக்" என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் அமைதி என்றால் சாலினாய்டு (செல்ஃபின் மின்காந்த சுவிட்ச்) இழுக்கிறது, ஆனால் உள்ளே கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது அல்லது மோட்டார் பிரஷ் முடிந்திருக்கிறது. "டகடகடக" என்று தையல் மிஷின் மாதிரி அடித்தால் வோல்ட்டேஜ் தாங்கவில்லை, அநேகமாகப் பேட்டரி அல்லது டெர்மினல். மோட்டார் மட்டும் "வீஈஈ" என்று சும்மா சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை என்றால் செல்ஃபின் பல்சக்கரம் வெளியே தள்ளிக்கொண்டு வரவில்லை, அந்தத் தண்டில் உள்ள பழைய கிரீஸ் குளிரில் பசை மாதிரி இறுகினாலும் இப்படி ஆகும். உங்களுடையது ஐந்தாவது வகை: சுற்றுகிறது, ஆனால் முக்கிக்கொண்டு. இது எங்கேயோ கரண்ட் போதாமல் போகும் சத்தம், அல்லது ஆயில் தார் மாதிரி ஆகிவிட்ட சத்தம்.

பேட்டரியில் தொடங்குங்கள். போன வருஷம் வாங்கியது என்பது சாட்சி இல்லை. தினமும் பத்து நிமிஷம் ஓட்டி, அந்தப் பத்து நிமிஷமும் ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், பின் கண்ணாடி ஹீட்டர், சீட் ஹீட்டர் எல்லாம் ஓடினால், காலையில் ஸ்டார்ட் செய்ய எடுத்ததையே திருப்பி ஊற்றியிருக்க மாட்டீர்கள். குளிர்ந்த பேட்டரி சார்ஜையும் மெதுவாகத்தான் வாங்கிக்கொள்ளும். இப்படிப் பாதி வயிற்றோடு ஒரு குளிர்காலம் ஓடினால் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து புதுப் பேட்டரியும் கிழடாகிவிடும்.

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். காலையில் கதவைத் திறந்து எதையும் தொடுவதற்கு முன்னால் அளப்பதுதான் உண்மையான எண், முந்தைய நாள் இரவே போனட்டின் கொக்கியை விடுவித்து வையுங்கள், கதவைத் திறந்தாலே வண்டியின் மாட்யூல்கள் விழித்துக்கொண்டு கரண்ட் இழுக்க ஆரம்பித்துவிடும். 12.6 வோல்ட் அல்லது கொஞ்சம் மேலே இருந்தால் நிறைவு. 12.4 முக்கால் வாசி, 12.2 பாதி, 12.0 கால் வாசி. ஏஜிஎம் வகை (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊற வைத்த பேட்டரி) என்றால் நிறைவு 12.8 பக்கம் இருக்கும். 12.2ஐ வைத்துக்கொண்டு மைனஸ் 14ல் டீசல் எஞ்சினை எழுப்ப நினைப்பது வீண்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறைந்த பேட்டரியின் அமிலம் மைனஸ் 50க்கும் கீழேதான் உறையும், ஆனால் முழுசாக டவுன் ஆன பேட்டரியில் மிஞ்சுவது கிட்டத்தட்டத் தண்ணீர், அது மைனஸ் 10க்கு மேலேயே உறையக்கூடும். பக்கங்கள் புடைத்திருந்தால், மூடி விரிசல் விட்டிருந்தால், ஜம்ப் கேபிளும் போடாதீர்கள், சார்ஜரும் போடாதீர்கள், வெடிக்கும். கழற்றி வெதுவெதுப்பான அறைக்குள் வைத்து, முழுசாக உருகிய பிறகு விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேற்கொண்டு எதுவும்.

அடுத்து, கிராங்க் அடிக்கும்போது, அதாவது செல்ஃப் எஞ்சினைச் சுற்றும்போது, அளப்பது. மீட்டர் முனைகளைப் பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். நல்ல பேட்டரி 10 வோல்ட்டுக்கு மேலே நிற்கும். 9.6க்குக் கீழே போனால் சந்தேகம், கடுங்குளிரில் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், ஆனால் 8க்குச் சரிந்தால் பேட்டரி போதவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மேலே ஒட்டியிருக்கும் சிசிஏ எண்ணையும் பாருங்கள், அது மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் கொடுக்கக்கூடிய ஆம்பியர். மாற்றும்போது அளவு பொருந்தியதே போதும் என்று எஞ்சினுக்குச் சொல்லப்பட்டதைவிடக் குறைந்த சிசிஏ உள்ளதை வைத்துவிடுவது சகஜம், கோடை முழுக்க அது யாருக்கும் தெரியாது. இரண்டு பேட்டரி உள்ள வண்டியாக இருந்தால் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக அளக்க வேண்டும். இணைத்தே அளந்தால் செத்தது நல்லதின் முதுகில் சவாரி செய்வது தெரியாது.

பேட்டரி தேறிவிட்டது, ஆனாலும் முக்குகிறது என்றால் கேபிள்கள். இதைத்தான் நிறையப் பேர் தாண்டிப் போகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். செல்ஃப் மோட்டார் 200, 300 ஆம்பியர் இழுக்கும். அந்த வழியில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2, 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். மீட்டரை ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் இந்தத் தடை கண்ணுக்கே படாது, "கேபிள் நல்லாத்தான் இருக்கு" என்று மீட்டரும் சொல்லும். அதனால் கரண்ட் ஓடும்போது வோல்ட்டில்தான் பிடிக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில், கம்பத்தைக் கவ்வியிருக்கும் கிளாம்பில் இல்லை, கம்பத்திலேயே. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில், பெயின்ட் இல்லாத இரும்பில். கிராங்க் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நல்லது. அதேபோல் பாசிட்டிவ் கம்பத்துக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டுக்கும் நடுவே 0.5க்குள் இருக்க வேண்டும்.

நானும் இதில் பணத்தைத் தொலைத்தவன்தான். என் பழைய வண்டியில் இதே முக்கல், கடையில் செல்ஃப் மோட்டாரை மாற்றினார்கள், அன்று மத்தியானம் ஜோராக ஸ்டார்ட் ஆனது, மறுநாள் காலை பழையபடி. கடைசியில் எர்த்தில் மீட்டரை வைத்தால் 1.4 வோல்ட். எஞ்சினிலிருந்து சேஸுக்குப் போகும் பின்னிய செம்புப் பட்டை, மேலே பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது, போல்ட்டில் ஸ்பேனர் வைத்துத் திருப்பியதும் வளையத்தின் அடிப்பக்கத்து இழைகள் பச்சைப் பொடியாகக் கையில் உதிர்ந்தன. புதுப் பட்டை, கம்பி பிரஷால் இரண்டு தேய், வேலை முடிந்தது. அந்தப் பழைய செல்ஃப் மோட்டார் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

டெர்மினலில் வெள்ளையாகவோ நீலமாகவோ பூத்திருந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் தேய்த்து, காயவிட்டு, இறுக்குங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இது எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் குளிரில் விரல் மரத்துப்போன அவசரத்தில் மறந்துவிடும்.

ஆயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டப்பாவின் மேல் 15டபிள்யூ-40 என்று இருந்தால் அந்த முதல் எண்தான் குளிருக்கானது. தரநிர்ணயப்படி 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20ல் சோதிக்கிறார்கள், 10டபிள்யூ மைனஸ் 25, 5டபிள்யூ மைனஸ் 30, 0டபிள்யூ மைனஸ் 35. மைனஸ் 14ல் 15டபிள்யூ சுற்றாது என்பதில்லை, ஆனால் உங்கள் வண்டிக் கையேடு 5டபிள்யூவை அனுமதித்தால் குளிர்காலத்துக்கு அதைப் போடுவதால் செல்ஃபின் சுமை நன்றாகவே குறையும். ஆயிலையே அழுத்தமாக்கி அதைக் கொண்டு இன்ஜெக்டரை இயக்கும் எஞ்சின்களும் உண்டு, ஃபோர்டின் 7.3 பவர்ஸ்ட்ரோக் அந்த வகை. அவற்றில் ஆயில் இறுகினால் செல்ஃப் மெதுவாவது மட்டுமல்ல, டீசலே உள்ளே தெளிக்காது.

இனி, செல்ஃப் நல்ல வேகத்தில் சுற்றியும் பிடிக்காத நிலைமை. முதல் பாதியைச் சரிசெய்த பிறகு நீங்கள் இங்கே வந்து நிற்கக்கூடும். இப்போது காதை விட்டுவிட்டுக் கண்ணை சைலன்சர் முனைக்குக் கொண்டுபோங்கள். கிராங்க் அடிக்கும்போது வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ புகை, கண்ணைக் கரிக்கும் டீசல் வாடையோடு வருகிறதா? அப்படியென்றால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, பற்றவில்லை, சூடு போதவில்லை: ஹீட்டர் பிளக். பத்து விநாடி சுற்றியும் துளிப் புகை இல்லையா? டீசலே போகவில்லை: ஃபில்டர், மெழுகு, தண்ணீர், ஏர், ரெயில் பிரஷர். இந்த ஒரு பார்வை பாதி நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஹீட்டர் பிளக் விஷயத்தில் டேஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கை நம்பாதீர்கள். பெரும்பாலான வண்டிகளில் அது ஒரு டைமர், பிளக் சூடானதா என்று அதற்குத் தெரியாது. சுலபமான சோதனை: மீட்டரைப் பேட்டரியில் வைத்து, சாவியை ஆன் வரை மட்டும் திருப்புங்கள். பிளக்குகள் ஒவ்வொன்றும் 10 ஆம்பியருக்கு மேல் இழுப்பதால் வோல்ட்டேஜ் சட்டென்று அரை வோல்ட்டுக்குக் குறையாமல் இறங்க வேண்டும், சில விநாடிகள் கழித்து ரிலே "டிக்" என்று விடும்போது திரும்ப ஏற வேண்டும். இறக்கமே இல்லை என்றால் ரிலே, அதன் பெரிய ஃபியூஸ் அல்லது கன்ட்ரோல் மாட்யூல். இறங்குகிறது ஆனால் கொஞ்சம்தான் என்றால் ஒன்றிரண்டு பிளக் செத்திருக்கிறது. எது என்று பார்க்க, வயரைக் கழற்றிவிட்டுப் பிளக்கின் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே ஓம் அளந்தால், நல்லது சுமார் அரை ஓமிலிருந்து 2 ஓமுக்குள் காட்டும், செத்தது எதுவும் காட்டாது. புதிய எஞ்சின்களில் 12 வோல்ட் தாங்காத குறை வோல்ட்டேஜ் பிளக்குகள் வருகின்றன, அவற்றில் நேராகப் பேட்டரி வயரைத் தொட்டுப் பார்க்கும் பழைய வித்தையைச் செய்தால் நல்ல பிளக்கையும் எரித்துவிடுவீர்கள்.

கழற்றுவது தனிக் கதை. பல வருஷம் கரி பிடித்து இறுகியிருக்கும், குளிர்ந்த எஞ்சினில் முரட்டுத்தனமாகத் திருப்பினால் தலை கையோடு வரும், மீதி சிலிண்டர் ஹெட்டுக்குள் நிற்கும், அப்புறம் அதைத் துளைத்தெடுக்கும் செலவில் பத்து செட் பிளக் வாங்கியிருக்கலாம். துரு இளக்கும் எண்ணெயை முந்தின நாளே விட்டு, எஞ்சின் சூடாக இருக்கும்போது, முன்னும் பின்னுமாக அசைத்து அசைத்து எடுங்கள். பயமாக இருந்தால் இந்த வேலையை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹீட்டர் பிளக்கே இல்லாமல் காற்று உள்ளே வரும் வழியில் ஒரு பெரிய ஹீட்டர் வலை வைத்த எஞ்சின்களும் இருக்கின்றன, கம்மின்ஸ் 5.9, 2025க்கு முந்தைய 6.7 அந்த வகை. அங்கேயும் சோதனை அதேதான், சாவி ஆன் செய்ததும் வோல்ட்டேஜ் பலமாக இறங்க வேண்டும்.

ஸ்ப்ரே ஏன் கூடாது என்பது இப்போது புரிந்திருக்கும். அதில் இருக்கும் ஈதர் சுமார் 160 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும். உள்ளே ஹீட்டர் பிளக்கின் முனை 800 டிகிரிக்கு மேல் செக்கச்செவேலென்று நிற்கிறது. பிஸ்டன் மேலே வருவதற்குள் வெடித்தால் ரிங் உடையும், பிஸ்டன் பிளந்துபோகும், கனெக்டிங் ராடு வளையவும் செய்யும். ஹீட்டர் வலை உள்ள வண்டியில் காற்றுக் குழாயே தீப்பிடிக்கும். ஒரு தரம் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்று சொல்பவர் அதிர்ஷ்டசாலி, அவ்வளவே.

புகையே இல்லை என்றால் முதலில் மெழுகு. டீசலிலேயே மெழுகு கரைந்திருக்கிறது, குளிர்ந்தால் அது பொடிப்பொடியாகப் பிரிந்து டீசல் கலங்கலாகும், இன்னும் குளிர்ந்தால் ஃபில்டர் தாளின் மேல் பூசினாற்போல் அடைத்துக்கொள்ளும். எந்தக் குளிர் வரை ஃபில்டர் வழியாகப் போகும் என்பது டீசலின் தரத்தைப் பொறுத்தது. ஐரோப்பாவின் ஈஎன் 590 தரத்தில் ஏ முதல் எஃப் வரையிலான வகைகளுக்கு இது பிளஸ் 5லிருந்து மைனஸ் 20 வரை, ஆர்க்டிக் வகைகளுக்கு மைனஸ் 20லிருந்து மைனஸ் 44 வரை. கோடையில் டேங்கை நிரப்பிவிட்டு அதிகம் ஓட்டாமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பது கோடை டீசல்தான், பம்பில் இன்று குளிர்கால டீசல் கிடைக்கிறது என்பது உங்கள் டேங்குக்குத் தெரியாது. பயோடீசல் கலப்பு அதிகம் இருந்தால் இன்னும் முன்னாலேயே கலங்கும்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி: டேங்கிலிருந்தோ ஃபில்டரின் அடி வடிகாலிலிருந்தோ ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் டீசல் பிடித்து, மூடி, இரவு வண்டிக்குப் பக்கத்திலேயே வெளியில் வையுங்கள். காலையில் பாட்டிலுக்குப் பின்னால் விரலை வைத்துப் பாருங்கள். விரல் தெளிவாகத் தெரிந்தால் டீசல் மேல் பழி இல்லை. பாலாடை மாதிரி கலங்கி, அடியில் வெள்ளையாகத் தங்கியிருந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. அடியில் கண்ணாடி மணிகள் மாதிரி உருண்டு உறைந்திருந்தால் அது தண்ணீர், ஃபில்டரின் அடியிலும் அதே பனிக்கட்டிதான் வழியை மறித்து உட்கார்ந்திருக்கும். இன்னொரு அறிகுறி, மெழுகு அடைத்த வண்டி பல நேரம் ஸ்டார்ட் ஆகும், ஒரு நிமிஷம் போல ஓடி, திணறி நின்றுவிடும், ஃபில்டரைத் தாண்டி ஏற்கெனவே இருந்த டீசல் தீரும் வரைதான் அந்த ஓட்டம்.

அடைத்துவிட்டால் வண்டியை வெதுவெதுப்பான இடத்தில் சில மணி நேரம் நிறுத்துவதும், புது ஃபில்டர் போடுவதும், கையால் அமுக்கும் பிரைமர் பம்ப் இருந்தால் அது கெட்டியாகும் வரை அமுக்கி ஏர் எடுப்பதும்தான் வழி. உறையாமல் தடுக்கும் மருந்து கலங்குவதற்கு முன்னால் ஊற்றினால்தான் வேலை செய்யும், ஏற்கெனவே பிரிந்த மெழுகை அது கரைக்காது, கரைப்பதற்குத் தனி வகை இருக்கிறது, டப்பாவைப் படித்து வாங்குங்கள். டேங்குக்கு அடியில் தீ மூட்டிச் சூடு காட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

மண்ணெண்ணெய் கலந்தால் உறையும் குளிர்நிலை இறங்கும் என்பது உண்மை. ஆனால் காமன் ரெயில் எஞ்சினின் உயர் அழுத்தப் பம்புக்கு டீசல்தான் மசகு, மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு குறைவு. பம்ப் தேய்ந்து இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போனால் மொத்தச் சிஸ்டமும் மாற்ற வேண்டிவரும். பல நாடுகளில் வரி விதிப்படி ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது குற்றமும் கூட.

டீசல் தெளிவாக இருக்கிறது, ஃபில்டரும் புதுசு, ஆனாலும் புகை இல்லை என்றால், குளிரில் ரப்பர் ஓ-ரிங்குகள் சுருங்கி இரவெல்லாம் ஏர் உள்ளே போய் டீசல் டேங்குக்கே திரும்பி வடிந்திருக்கும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிரைமரை அமுக்கினால் உடனே பிடிக்கிறது என்றால் இதுதான். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்கேனர் மாட்டி, கிராங்க் அடிக்கும்போது ரெயில் பிரஷர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும், ஏறக்குறைய 200 பார் வராமல் பல எஞ்சின்களில் ஈசியூ (எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) இன்ஜெக்டரையே திறக்காது. பிரஷர் ஏறாததற்குத் தேய்ந்த இன்ஜெக்டர் வழியாக டீசல் திரும்பிப் போவது ஒரு காரணம், மெதுவாகச் சுற்றும் செல்ஃப் இன்னொரு காரணம். பார்த்தீர்களா, திரும்பவும் பேட்டரிக்கே வந்துவிட்டோம்.

பெட்ரோல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம். சாவியை ஆன் செய்ததும் டேங்கிலிருந்து இரண்டு விநாடி "ம்ம்ம்" என்று பம்ப் சத்தம் கேட்க வேண்டும். பலமுறை முயன்று பெட்ரோல் வாடை தூக்கினால் எஞ்சின் மூழ்கிவிட்டது, ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துக்கொண்டே கிராங்க் அடியுங்கள், இன்ஜெக்ஷன் வண்டிகள் பெரும்பாலானவற்றில் அப்படி மிதித்தால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும், பிளக் காயும். அப்புறம் கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார்: இரவெல்லாம் நின்ற வண்டியில் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் வெளிக் குளிரோடு கிட்டத்தட்ட ஒத்துப்போக வேண்டும். வெளியே மைனஸ் 14, கூலன்ட் மட்டும் 60 என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது, எஞ்சின் சூடாக இருக்கிறது என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிடும்.

ஜம்ப் போடுவதாக இருந்தால் சிவப்பு உங்கள் பாசிட்டிவ், சிவப்பின் மறுமுனை உதவி வண்டியின் பாசிட்டிவ், கறுப்பு உதவி வண்டியின் நெகட்டிவ், கறுப்பின் மறுமுனை உங்கள் எஞ்சின் பிளாக்கின் வெறும் இரும்பில், பேட்டரியில் இல்லை, கடைசிப் பொறி பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் தெறிக்கக் கூடாது. மாட்டிவிட்டு உதவி வண்டியைப் பத்து நிமிஷம் ஓடவிட்ட பிறகு முயலுங்கள். ஒரு தரம் கிராங்க் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம், நடுவில் ஒரு நிமிஷமாவது ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் நல்ல செல்ஃபும் கருகும். ஷட்டர் மூடிய கராஜுக்குள் இதைச் செய்யாதீர்கள், புகைக்கு வாடை இல்லாமலும் ஆளைக் கொல்லத் தெரியும். ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றியிருந்து அது உறைந்திருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கிராங்கே அடிக்காதீர்கள், வாட்டர் பம்ப் இறுகி நின்று பெல்ட்டை அறுத்துவிடும்.

பிளாக் ஹீட்டர் (வீட்டுக் கரண்டில் எஞ்சினைச் சூடேற்றும் கருவி) பொருத்த வசதி இருந்தால் அதைவிட நல்ல முதலீடு இல்லை, புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னால் ஓடினால் போதும், இரவு முழுக்க வேண்டாம், ஒரு டைமர் வைத்துவிடுங்கள்.

உங்கள் வண்டிக்கு நாளை காலை மூன்று எண்கள் எடுங்கள்: எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி வோல்ட், கிராங்க் அடிக்கும்போது பேட்டரி வோல்ட், கிராங்க் அடிக்கும்போது எர்த்தின் வோல்ட். நடுவில் சாவியை ஆன் செய்யும்போது இறக்கம் இருக்கிறதா என்றும், சைலன்சரில் புகை என்ன நிறம் என்றும் பாருங்கள். பேட்டரி 12.6, கிராங்கில் 10க்கு மேல், எர்த் 0.2க்குள், பாசிட்டிவ் கேபிளும் 0.5க்குள், ஆயிலும் சரியானது, அப்படியும் முக்கினால், சரி, அப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றுங்கள்.